மலையேறிய படகு



படகைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், "மௌலவிக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கக்கூடும். அதுவும் கடலைப் பார்க்க வேண்டுமானால் நூறு கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் போக வேண்டிய நமுனுகுலவில் இருந்துகொண்டு எழுதுகிறேன். நமுனுகுல என்றால் ஒன்பது சிகரங்கள் என்று பொருள் சொல்வார்கள். 2,036 மீற்றர் உயரமான அந்த மலையின் அடிவாரத்தில் தேயிலையும் மூடுபனியும்தான் உண்டு. ஏரி கூடக் கிடையாது.

அப்படிப்பட்ட ஊரில், எங்கள் வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகைக்குள் பதினான்கு அடி நீளப் படகொன்று மூன்று மாதங்கள் குடியிருந்தது. அந்த மூன்று மாதங்களில் நான் கற்றுக்கொண்டவை பல. அவற்றுள் சில உங்கள் வீட்டுக்கும் பயன்படும் என்பதாலேயே இதனை எழுதுகிறேன்.

லொறியில் வந்த விருந்தாளி

என் தங்கை காத்தான்குடியில் வாழ்க்கைப்பட்டவள். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் மட்டக்களப்பு வாவி. இரண்டுக்கும் நடுவே நெருக்கமாக வீடுகள் அமைந்த ஊர் அது. மச்சான் சிறு வியாபாரம் செய்து வந்தார். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலம் அது. ஒரு டொலரின் விலை 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறிய காலமும் அதுதான்.

அந்த நேரத்தில்தான், மலைநாட்டு ஏரியொன்றின் பக்கத்தில் பழைய உல்லாசப் படகு ஒன்று மலிவாக விலைக்கு வருவதாக மச்சானுக்குத் தகவல் கிடைத்தது. சுற்றுலாப் பயணிகள் திரும்பி வந்தால், வாவியில் குடும்பங்களை ஏற்றிச் சுற்றிக் காட்டிப் பிழைக்கலாம் என்று அவர் கணக்குப் போட்டார். தங்கை தன் கையில் கிடந்த இரண்டு காப்புகளையும் கழற்றி விற்கக் கொடுத்தாள். அடகு வைத்தால் வட்டி வரும் என்பதால் விற்றே விடுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

படகை ஏற்றிய லொறி வெலிமடை, பண்டாரவளை, எல்ல வழியாக வந்து ஓர் இரவு எங்கள் வீட்டில் தங்கியது. மறுநாள் பசறை, பிபிலை, மகாஓயா வழியாக மட்டக்களப்புக்கு இறங்குவதாகத் திட்டம். மச்சானோடு அவருடைய மகனும் வந்திருந்தான். என் மருமகனுக்கு அப்போது வயது பதினெட்டு. சாதாரண தரப் பரீட்சையில் தவறியபின் வாழைச்சேனைப் பக்கத்துப் படகுப் பட்டறை ஒன்றில் ஒரு வருடம் எடுபிடி வேலை செய்தவன். குடும்பத்தில் அவனைப் பற்றி யாருக்கும் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. ஆசிரியனான எனக்கும் இருந்ததில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

படகு வெள்ளையும் நீலமுமாகப் பளபளத்தது. புதுப் பெயின்ற். பார்த்தவர்கள் எல்லோரும் "மாஷா அல்லாஹ்" என்றார்கள். சுபஹு தொழுகைக்குப்பின் நான் வெளியே வந்தபோது மருமகன் சுத்தியலின் மரப்பிடியால் படகின் பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"மாமா, இங்க கேளுங்க. இந்த இடத்தில டக் டக்கெண்டு கேட்குது. இந்த இடத்தில பொத்துப் பொத்தெண்டு கேட்குது. உள்ள பலகை இல்ல மாமா, சேறுதான் இருக்கு."

துளைபோடும் மெசினை எடுத்து, உட்பக்கமாகச் சிறிய துளையொன்று போட்டான். வந்து விழுந்தது மரத்தூள் அல்ல. தேயிலைச் சக்கையைப் போன்ற, கறுத்து நனைந்த கூழ். அதன் வாடையே சொல்லிவிட்டது.

பூச்சுக்குப் பின்னால்

பைபர் படகு என்றால் முழுவதும் பைபர் என்றுதான் நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அப்படியல்ல. தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி இழைகளால் ஆன விரிப்பை அச்சில் பரப்பி, றெசின் எனப்படும் பிசினை ஊற்றி, அடுக்கடுக்காக இறுக வைத்தே படகின் உடலைச் செய்கிறார்கள். ஆனால் எஞ்சினைத் தாங்கும் பின்பலகைக்கும், அடியில் நீளவாக்கில் ஓடும் தாங்குகட்டைகளுக்கும் பழைய படகுகளில் மரமே போடப்பட்டது. அந்த மரத்தைச் சுற்றிப் பைபர் போர்த்தப்படும்.

எஞ்சினைப் பூட்டப் போடும் ஆணித் துளைகள் வழியாக நீர் மெல்ல மெல்ல உள்ளே இறங்குகிறது. உள்ளே போன நீருக்கு வெளியேற வழியில்லை. மரம் பத்துப் பதினைந்து வருடங்களில் இற்றுப்போகிறது. மேலே உள்ள பைபரோ அப்படியே இருக்கும். அதன்மேல் பெயின்ற் அடித்துவிட்டால் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

நாற்பது குதிரைவலு எஞ்சின் ஒன்றின் எடை எழுபது கிலோ அளவில் வரும். ஓடும்போது படகு முழுவதையும் அந்தப் பின்பலகைதான் தள்ளுகிறது. வாவியின் நடுவே பலகை விட்டுக்கொடுத்தால் எஞ்சினும் போகும். பின்பக்கம் பிளந்து நீரும் ஏறும்.

மச்சான் விற்றவருக்குத் தொலைபேசி எடுத்தார். "பார்த்துத்தானே வாங்கினீர்கள்?" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார் அவர். மச்சானின் முகம் வெளிறிப்போனது. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இந்த ஒரு சீசனை ஓட்டி முடிப்போம் மௌலவி. காசு வந்ததும் திருத்தலாம். இவ்வளவு நாள் உடையாதது இனியா உடையப் போகுது?" என்றார். பிள்ளைகளின் பசி அவரை அப்படிப் பேச வைத்தது. அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தங்கைக்கு விடயத்தைச் சொன்னோம். அவள் மறுமுனையில் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொன்னது இதுதான்: "நானா, குறிஞ்சாக்கேணிய மறந்திட்டீங்களா? என்ட காப்பு போனா போகட்டும். யாரோ பெத்த பிள்ளைய அந்தப் படகில ஏத்த நான் சம்மதிக்க மாட்டன்."

2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா, குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த இடத்தில் மக்களை ஏற்றிச் சென்ற மிதப்புப் படகு கவிழ்ந்து, பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தங்கையின் அந்த ஒரு பேச்சோடு விவாதம் முடிந்தது. லொறி வெறுமையாக இறங்கியது. படகும் மருமகனும் எங்கள் வீட்டில் தங்கினார்கள்.

கரையோரத்தில் பைபர்

கண்ணாடி இழையில் படகு கட்டும் கலை பழையதல்ல. 1942இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ரே கிரீன் என்பவர் கண்ணாடி இழையையும் பொலியெஸ்டர் பிசினையும் கொண்டு சிறு படகொன்றைச் செய்தார். போருக்குப் பின் அது உலகெங்கும் பரவியது. வள்ளமும் தோணியும் கட்டுமரமும் ஓடிய நம் கரைகளுக்கும் வந்தது. 1960களின் பிற்பகுதியில் நோர்வே நாட்டவரின் உதவியோடு காரைநகரில் தொடங்கிய சீநோர் நிறுவனத்தின் பெயர் இன்றும் மீனவர் வாயில் வழங்குகிறது. மரத்தைப் போல் புழு அரிக்காது, இரும்பைப் போல் துருப்பிடிக்காது, இரண்டு மூன்று பேர் சேர்ந்து கரைக்கு இழுக்கலாம் என்பதால் பைபர் போட் நம் மீனவருக்குப் பிடித்துப்போனது.

2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது இலங்கையின் மீன்பிடிப் படகுகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு அழிந்தோ சேதமடைந்தோ போயின. உயிரிழப்பில் அம்பாறை மாவட்டமே முன்னின்றது. அதன்பின் உதவியாக வந்த படகுகளில் அவசரத்தில் கட்டப்பட்ட தரம் குறைந்தவையும் இருந்தன என்பது மீனவர் அறிந்த விடயம். இழை போதாது, பிசின் அதிகம், உள்ளே காற்றுக் குமிழி. இவையெல்லாம் பெயின்ற் அடித்தபின் கண்ணுக்குத் தெரியாத குறைகள்.

ஊர் சிரித்தது

வேலை 2023 பெப்ரவரியில் தொடங்கியது. ஊவாவில் மாரி மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டும் நேரம். செய்தி கடைவீதிக்குப் போக அரை நாள் கூட எடுக்கவில்லை. "மௌலவி, வெள்ளம் வரப்போகுதா? எங்களுக்கும் ஓர் இடம் வைங்க" என்று தேநீர்க் கடையில் கேலி செய்தார்கள். கடலில்லாத இடத்தில் கப்பல் கட்டிய நூஹ் நபி (அலை) அவர்களைப் பார்த்து அவர்களது சமூகத்தார் சிரித்த வரலாற்றை எத்தனையோ தடவை மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சிரிப்பை வாங்கிக்கொண்டு கையில் உளியைப் பிடிப்பது எப்படியிருக்கும் என்பது அப்போதுதான் சற்றே புரிந்தது.

சிரித்தவர்களில் ஒருவர் பிறகு எங்களோடு சேர்ந்துகொண்டார். தோட்டத் தொழிற்சாலையில் தச்சு வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் அவர். "என்னாங்க மௌலவி, பலகைய இப்பிடியா அறுக்கிறது? குடுங்க இங்க" என்று வாளை வாங்கியவர், பின்பலகை முடியும்வரை ஒருநாளும் வராமல் இருந்ததில்லை. கூலி கேட்கவில்லை. என் மனைவியின் கைத் தேநீரும் வட்டிலப்பமும் போதும் என்றார்.

முதலில் உட்பக்கப் பைபரைக் கிரைண்டரால் வெட்டி எடுத்தோம். இற்ற மரத்தைக் கரண்டியால் அள்ள முடிந்தது. தரையைத் திறந்தபோது, படகு மூழ்காமல் மிதக்கட்டும் என்று அடியில் நிரப்பியிருந்த நுரைப்பஞ்சு நீரை உறிஞ்சிக் கனத்துக் கிடந்தது. மிதக்க வைக்கப் போட்டதே அமிழ்த்தும் பாரமாக மாறியிருந்தது. அனைத்தையும் அகற்றி, மூன்று கிழமைகள் வெயில் காணும் நேரமெல்லாம் திறந்து உலர்த்தினோம். மூடுபனி இறங்கும் நேரத்தில் தார்ப்பாயால் மூடினோம். ஈரம் இருக்கும் இடத்தில் பிசின் பிடிக்காது.

புதிய பலகைக்கு நீர் புகாத பசையால் ஒட்டிய படகுப் பிளைவூட்டையே வாங்கினோம். விலை அதிகம்தான். "மலிவுப் பலகையப் போட்டா, அஞ்சு வருசத்தில இதே கரண்டியோட இன்னொருத்தன் குந்துவான் மாமா" என்றான் மருமகன்.

அவன் ஆசிரியன், நான் மாணவன்

பிசின் தானாக இறுகாது. அதில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை ஹார்ட்னர் என்ற திரவத்தைக் கலக்க வேண்டும். கலந்தால் பதினைந்து இருபது நிமிடத்தில் கட்டியாகத் தொடங்கும். குறைந்தால் இறுகாது, கூடினால் சூடேறி வெடித்துப்போகும். குளிரிலும் சரியாக இறுகாது.

இதை அறியாமல், நான் ஒருநாள் அஸருக்குப்பின் தொடங்கலாம் என்று அவசரப்படுத்தினேன். "பனி இறங்கப் போகுது மாமா, நாளைக்கு வெயிலோட செய்வம்" என்று அவன் சொன்னதை நான் கேட்கவில்லை. மறுநாள் காலையில் தொட்டுப் பார்த்தால் தேன்பாகு போல ஒட்டியது. ஒரு முழு விரிப்பும் ஒரு கிலோவுக்கு மேற்பட்ட பிசினும் வீண். அரை நாள் சுரண்டி எடுத்தோம். அவன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெரிய பாடமாக இருந்தது. பிள்ளைகள் பிழைவிடும்போது வகுப்பறையில் நான் அப்படி வாய்மூடி இருந்திருக்கிறேனா என்று யோசித்தேன்.

அதன்பின் வெயில் ஏறிய பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் மட்டுமே பிசின் வேலை. விரிப்பை வைத்து, பிசினைத் தடவி, உருளையால் அழுத்தி, வெண்புள்ளி ஒன்றும் இல்லாதவாறு காற்றை வெளியேற்ற வேண்டும். ஒட்டும் ஓரங்களைச் செங்குத்தாக விடாமல், தடிப்பைப் போல் பன்னிரண்டு மடங்கு தூரத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். அப்போதுதான் பழையதும் புதியதும் பிரியாமல் பிடிக்கும். படிப்பில் தவறியவன் என்று நாங்கள் சொன்ன பையன் கிராம் கணக்கும் மில்லிலீற்றர் கணக்கும் மனதிலேயே போட்டான்.

சகோதரிகள் கவனத்துக்கு

இனி நான் சொல்லப் போவது ஒரு பயங்கரம். ஹார்ட்னர் நிறமற்றது, பச்சைத் தண்ணீர் போலிருக்கும். பெரிய போத்தலில் இருந்து அளந்தெடுக்க வசதியாக, மருமகன் கொஞ்சத்தை வெறும் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி, கை கழுவ வந்த இடத்தில் குசினி ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டான். எங்கள் கடைக்குட்டி விளையாடிக் களைத்து வந்து அதை எடுத்திருக்கிறாள். மூடியைத் திறக்கும் நேரத்தில் என் மனைவிக்கு அந்தக் கார வாடை பட்டது. பாய்ந்து தட்டிவிட்டாள். அல்ஹம்துலில்லாஹ்! ஒரு துளியும் பிள்ளை மீது படவில்லை.

அந்தத் திரவம் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். குடித்தால் குடல் வெந்துவிடும். அன்று முழுவதும் மருமகன் சாப்பிடவில்லை. மாலையில் என் மனைவி அவனைக் கூப்பிட்டு, "மகன், அழுது போதும். இனி இந்த வீட்டில எப்படி வேலை நடக்கோணும் எண்டு நான் சொல்றன்" என்றாள். அவள் வகுத்த சட்டங்களை உங்களுக்கும் தருகிறேன். உங்கள் வீட்டு ஆண்கள் தண்ணீர்த் தாங்கியையோ குளியலறையையோ பைபரால் திருத்தினாலும் இவை பொருந்தும்.

பிசின், ஹார்ட்னர், அசற்றோன் போன்ற எதையும் உணவுப் போத்தலில் ஊற்றக் கூடாது. வந்த போத்தலிலேயே, பூட்டிய பெட்டியில், குசினிக்கு வெளியே இருக்க வேண்டும். இவற்றின் ஆவி தீப்பற்றும். அடுப்பு எரியும் இடத்துக்கு அருகே திறக்கக் கூடாது. கலந்து மிஞ்சிய பிசின் கோப்பையில் தானாகவே கொதித்துப் புகையும்; அதை வெட்டவெளியில் வைத்து ஆறிய பின்பே எறிய வேண்டும். கண்ணில் எதுவும் பட்டால் உடனே குறைந்தது பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவிக்கொண்டே இருந்து, பின் வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். கிரைண்டர் தூசு கண்ணாடித் தூசு. முகமூடியும் கண்ணாடியும் நீண்ட கைச் சட்டையும் இல்லாமல் வேலை இல்லை. அந்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. துவைத்தால் வீடு முழுவதும் அரிக்கும். உடம்பில் பட்ட தூசை முதலில் பச்சைத் தண்ணீரால் தேய்க்காமல் அலச வேண்டும்.

தூசு கிளம்பும் வேலைகளை எல்லாம் நோன்புக்கு முன்பே முடித்தோம். நோன்பு விடுமுறையில் மெருகு வேலை. நீர் தொட்டுத் தொட்டு, மணல்தாளைப் பரும்படியில் இருந்து நொய்யதாக மாற்றி மாற்றித் தேய்ப்பது. மிதக்கவிட்டுப் பார்க்க இங்கே ஏரி இல்லை அல்லவா? அதனால் படகுக்கு உள்ளே நாலைந்து விரற்கடை நீரை நிரப்பி, வெளியே கசிகிறதா என்று பார்த்தோம். ஓரிடத்தில் வியர்த்தது. அதையும் அடைத்தோம்.

ஒரு விலை வந்தது

பெருநாளுக்குச் சில தினங்கள் இருக்கும்போது, பண்டாரவளைப் பக்கத்தில் இருந்து ஒருவர் வந்து படகைப் பார்த்தார். மச்சான் கொடுத்ததைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான விலை சொன்னார். உள்ளே ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை. தட்டியும் பார்க்கவில்லை. பளபளப்பைப் பார்த்தே மயங்கிவிட்டார். நாங்களும் அப்படித்தானே மயங்கினோம்!

வந்திருந்த மச்சான் என் முகத்தைப் பார்த்தார். நான் எதுவும் சொல்லவில்லை. அவர் மகனிடம், "அந்தப் படங்களைக் காட்டு" என்றார். இற்ற மரம், நீரூறிய நுரைப்பஞ்சு, வெட்டிய பைபர் ஆகியவற்றை எல்லாம் பையன் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வைத்திருந்தான். "பழைய உடல், புதிய எலும்பு. இதுதான் உண்மை. இதைத் தெரிந்துகொண்டு வாங்குவதென்றால் பேசுவோம்" என்றார் மச்சான். வந்தவர் விலையைக் குறைத்துக் கேட்டார். இவர் கொடுக்கவில்லை. அவர் தேநீரைக் குடித்துவிட்டு ஸலாம் சொல்லிப் போய்விட்டார்.

அன்றிரவு நான் மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு சீசனை மறைத்து ஓட்டலாம் என்றவர் அவர்தான். மூன்று மாதத்தில் அவர் எவ்வளவு தூரம் வந்துவிட்டார்!

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட சம்பவம் நாம் எல்லோரும் அறிந்ததே. குறையை மறைத்து விற்கப்பட்ட பொருளைத் திருப்பிக் கொடுக்க வாங்கியவருக்கு உரிமை உண்டு என்பதற்குப் பிக்ஹுக் கிதாபுகளில் தனிப் பாடமே இருக்கிறது. அதை நான் பல வருடங்கள் படிப்பித்திருக்கிறேன். ஆனால் ஈரத்தைக் கையால் தொட்டது அந்தக் கொட்டகையில்தான்.

இது படகோடு நிற்கும் விடயமல்ல. பழைய தையல் மெசினை விற்கும்போதும், குளிர்சாதனப் பெட்டியைக் கைமாற்றும்போதும், ஏன், கல்யாணம் பேசும்போதும் நாம் பெயின்ற் அடிப்பதில்லையா? ஆழம் அறியாமல் காலை விடாதே என்று வாங்குபவருக்குப் புத்தி சொல்கிறோம். ஆழத்தைச் சொல்ல வேண்டியது விற்பவரின் கடமை அல்லவா?

வாவியில்

பெருநாள் முடிந்து படகு மலையிறங்கியது. அதைக் கயிறு கட்டி லொறியில் ஏற்றியபோது, தச்சுப் பெரியவரும், சிரித்த தேநீர்க் கடைக்காரரும், தோட்டத்துப் பிள்ளைகளும் வந்து தள்ளினார்கள்.

பதிவும் பரிசோதனையும் முடிய மேலும் சில கிழமைகள் சென்றன. நாங்கள் குடும்பத்தோடு காத்தான்குடிக்குப் போன நாளில்தான் வாவியில் இறக்கினார்கள். படகின் பக்கவாட்டில் மருமகன் தன் கையாலேயே எழுதியிருந்தான்: "ஐந்து பேர் மட்டும்." ஐந்து உயிர்காப்பு அங்கிகளும் இருந்தன. அங்கி போடாதவருக்கு இடமில்லை என்பது தங்கையின் சட்டம்.

முதல் ஓட்டத்தில் அவளை ஏற்றினார்கள். தண்ணீரைக் கண்டாலே பயப்படுகிறவள், பின்பலகைக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்தாள். கரைக்குத் திரும்பியதும் மருமகன் தரைப் பலகையைத் தூக்கி அடியைத் தடவிப் பார்த்தான். கை காய்ந்திருந்தது.

தங்கையின் கையில் இன்னும் காப்பு ஏறவில்லை. கடைசியாக நான் கேட்டபோது, "முதல்ல எஞ்சின் கடன் முடியட்டும் நானா" என்றாள். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் தன் பழைய தோணியைத் திருத்தித் தரும்படி மருமகனிடம் கொண்டுவந்து விட்டிருக்கிறார். அவன் முதலில் சுத்தியலை எடுத்துத் தட்டிப் பார்த்தானாம்.

நம் பிள்ளைகளின் கைகளுக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.